குறைந்தாலும் விடாத அமல்

ரமளான் பிறை தெரிந்த இரவில் நம் பள்ளிவாசல்களைப் பார்த்திருக்கிறோம். ஹவ்ளைச் சுற்றி ஒளுச் செய்ய இடமிருக்காது. தராவீஹுக்கு வந்தவர்கள் வாசலிலும் பாய் விரித்து நிற்பார்கள். பெருநாள் கழிந்து பத்து நாள் ஆகட்டும். அதே பள்ளியில் ஸுப்ஹு ஜமாஅத்துக்கு இமாமும் மோதினாரும் இரண்டு முதியவர்களும் நிற்பார்கள். இதைச் சொல்லி வாலிபர்களை ஏசுவது எளிது. மேடைதோறும் ஏசித்தான் வருகிறோம். ஆனால் அந்த முப்பது நாள் ஆர்வம் பொய்யானதன்று. பிறகு அது ஏன் நிலைக்கவில்லை?

பிறர் கதை எதற்கு, நம் கதையையே சொல்கிறோம். ஒரு ரமளானின் இறுதியில், இனி ஆண்டு முழுவதும் தஹஜ்ஜுத் எட்டு ரக்அத், ஸுப்ஹுக்குப் பின் ஒரு ஜுஸ்உ, இரவில் ஆயிரம் ஸலவாத்து என்று நிய்யத்து வைத்தோம். ஷவ்வாலின் முதல் வாரம் ஓடிற்று. பிறகு ஒரு பயணம், அதையொட்டி ஒரு காய்ச்சல். விட்டுப்போயிற்று. விட்டதை எண்ணி வெட்கம். அந்த வெட்கத்தில் முசல்லாவை விரிக்கவே கூச்சம். மாதம் முடியுமுன் நஃபில் போனதோடு நில்லாமல், ஃபர்ளான ஸுப்ஹே களாவாகத் தொடங்கியது. தாங்காத சுமையைத் தூக்கியவன் அதைக் கீழே போடும்போது, கையில் வைத்திருந்ததையும் சேர்த்தே போட்டுவிடுகிறான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அமல் எப்படி இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. அன்னையார் மறுமொழியில் சொன்ன சொல் 'தீமா'. இடியும் மின்னலும் இன்றி, விடாமல் பெய்துகொண்டிருக்கும் மழைக்கு அரபிகள் வைத்த பெயர் அது. கொட்டித் தீர்க்கும் மழை ஓடையோடு போய்விடும். இதுவோ மண்ணுக்குள் இறங்கும். குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற கருத்துள்ள நபிமொழியும் அன்னையாரின் வாயிலாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஒருமுறை அண்ணலார் (ஸல்) அவர்கள் பள்ளியினுள் வந்தபோது இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருக்கக் கண்டார்கள். இது என்ன என்று வினவ, ஸைனப் (ரலி) அவர்களுடைய கயிறு, தொழுது களைத்தால் இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்று கூறப்பட்டது. நாமாக இருந்தால் அந்தக் கயிற்றையே புகழ்ந்து ஒரு பயான் செய்திருப்போம்! அண்ணலாரோ அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழட்டும், களைத்தால் உட்காரட்டும் என்பது அவர்கள் காட்டிய வழி.

இது நஃபிலைப் பற்றிய பேச்சு. ஐவேளை ஃபர்ளில் பேரம் கிடையாது. அந்த ஐந்தையும் காப்பதற்காகவே, மேலதிகமானதை நம் தாங்கும் அளவுக்கு வைக்கச் சொல்கிறோம். இஷாவுக்குப் பின் வித்ருக்கு முன் இரண்டே ரக்அத். ஸுப்ஹுக்குப் பின் ஒரு பக்கம் குர்ஆன். காய்ச்சலிலும் பயணத்திலும்கூட இயன்றவரை விடாமல் செய்யக்கூடியது எதுவோ, அதுவே நம் அளவு.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மஃரிபுக்குப் பள்ளிக்குப் போய்த் திரும்பியதும் தேநீர் எங்கே என்று கேட்கிறோம். நமக்குத் தொழுத திருப்தி. அடுப்படியில் நிற்கும் அவளுக்கோ வக்து போய்க்கொண்டிருக்கிறது. வக்துகளில் மிகக் குறுகியது மஃரிப். அந்தக் கால்மணி நேரம் அடுப்பை நாம் பார்த்துக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

துஆவிலும் நமக்கு ஒரு கூச்சம் உண்டு. மனனம் செய்த அரபி வாசகங்களை ஓதியதும் கையை முகத்தில் தடவி எழுந்துவிடுகிறோம். தொழுகை முடிந்தபின் கைகளை இன்னும் சற்று ஏந்தியிருந்து, கடைக் கடனையும், மகளின் சம்பந்தத்தையும், மூத்தவனின் வேலையையும் நம் தமிழிலேயே சொல்லலாமே. ரப்புல் ஆலமீனுக்குத் தெரியாத மொழியா? அப்படிச் சொல்லிப் பழகியவருக்கு முசல்லாவில் உட்காருவது கடமை தீர்ப்பதாகத் தோன்றாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருநாள் தவறும். அன்றுதான் ஷைத்தான் வெட்கத்தின் வேடத்தில் வருகிறான், நீயும் ஒரு தொழுகையாளியா என்று. கைபரிலிருந்து திரும்பும் வழியில் ஓரிரவு அண்ணலார் (ஸல்) அவர்களும் தோழர்களும் இறங்கி உறங்கினார்கள். ஸுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பு பிலால் (ரலி) அவர்களுக்கு. அவரும் தம் ஒட்டகத்தில் சாய்ந்தபடி கண்ணயர்ந்துவிட்டார். வெயில் சுட்டுத்தான் எல்லோரும் விழித்தார்கள். முதலில் பதறி எழுந்தவர் அண்ணலார். தங்களை ஆட்கொண்ட உறக்கமே என்னையும் ஆட்கொண்டது என்றார் பிலால். அங்கிருந்து சற்றுத் தூரம் ஒட்டகங்களை நடத்திச் சென்றார்கள். அண்ணலார் ஒளுச் செய்தார்கள்; பிலாலிடம் இகாமத் சொல்லச் சொன்னார்கள். ஏறிவிட்ட வெயிலில் ஜமாஅத்தாகவே ஸுப்ஹைத் தொழுதார்கள். மறந்துவிட்டவர் நினைவு வந்ததும் தொழுதுகொள்ளட்டும் என்று அந்தத் தொழுகை முடிந்த பின்னரே கூறினார்கள்.