பரணுக்குப் போக வேண்டியதா?

சிறு குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இசைத்தட்டு யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பதா, விற்றுவிடுவதா, அல்லது அவர்கள் விவரம் அறியும் வரையில் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவதா என்ற கேள்வி, கேட்ட மாத்திரத்தில் அற்பமாகத் தோன்றக்கூடும். ஆயினும் நிதானமாக யோசித்துக்கொண்டே போனால், ஒரு பொருளை நாம் எதற்காகப் பத்திரப்படுத்துகிறோம், யாருக்காகப் பத்திரப்படுத்துகிறோம் என்ற இடத்தில் அது நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது.

எங்கள் வீட்டு யந்திரம் என் தகப்பனார் வாங்கியது. 33⅓, 45, 78 என்ற மூன்று வேகங்களிலும் சுழலக்கூடியது. ஊசியைத் திருப்பிவிட்டால் பாட்டனார் காலத்து அரக்குத் தட்டுகளும் அதில் பாடும். 1933-இல், 27-ஆம் வயதிலேயே காலமாகிவிட்ட எஸ். ஜி. கிட்டப்பாவின் தட்டுகள் சில அவற்றில் உண்டு. 1963-இல் வெளிவந்த எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம், ஓரம் நைந்த உறையோடு இருக்கிறது. மூத்தவளுக்கு நாலு வயது; இளையவன் இப்போதுதான் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறான், அவன் பிடித்துக்கொள்ளும் வஸ்துக்களில் முதன்மையானது இந்த யந்திரம் இருந்த முக்காலி. ஆகவே, இதை விற்றுவிடலாம், இல்லாவிட்டால் மேலே போட்டுவிடலாம் என்று என் மனைவி சொன்னதில் நியாயம் இருந்தது.

அந்த யந்திரத்தின் நுட்பத்தை உத்தேசித்தால் அவளுடைய கவலை இன்னும் நியாயமாகப்படும். பெரிய தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் சுருள் சுருளாக ஓடும் பள்ளத்தைப் பிரித்து நீட்டினால் 400 மீட்டருக்கு மேல் வரும். அவ்வளவு தூரத்தையும் கண்ணுக்குப் புலப்படாத நுனியுடைய ஒரு ஊசி, சில கிராம் பாரத்தை மட்டுமே தாங்கி, பள்ளத்தின் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகளால் அசைக்கப்பட்டு, 20 நிமிஷங்களில் கடந்து வருகிறது. குழந்தையின் விரல் ஒரு தரம் அதைப் பக்கவாட்டில் இழுத்துவிட்டால், தட்டில் விழும் கீறலைத் திருத்துவதற்கு எந்த வித்தையும் கிடையாது.

ஆனால் பரணில் ஏற்றுவது பாதுகாப்பு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள பரணில் சித்திரை வெயிலின் உஷ்ணம் முழுவதும் இறங்குகிறது. வினைல் தட்டு உஷ்ணத்தில் நெளிந்துபோகும். படுக்கையாக அடுக்கினால் பாரத்தாலும் கெடும். அடைமழையின் ஈரத்தில் உறைகளில் பூஞ்சணம் பிடிக்கும். யந்திரத்தின் கதி இன்னும் மோசம். தட்டைச் சுழற்றும் ரப்பர்ச் சக்கரம் ஓடாமலே இருந்தால் இறுகி, ஒரே இடத்தில் அழுந்தி, தட்டையாகிவிடும். பிறகு ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தட்டல் கேட்கும். அச்சில் இட்ட எண்ணெயும் பிசின்போலாகும். பத்து வருஷம் கழித்து இறக்கும்போது நம் கைக்கு வருவது வைத்த பொருளாக இராது. விற்பவன் ஒரு தீர்மானத்துக்கு வந்துவிட்டான். பரணில் ஏற்றுகிறவன் தீர்மானத்தைக் காலத்தினிடம் ஒப்படைத்துவிடுகிறான், காலமோ மெள்ள மெள்ள ஒரே தீர்ப்பைத்தான் சொல்லும். எத்தனை வீடுகளில் வீணைகளும் ஹார்மோனியங்களும் இவ்விதமே மாண்டிருக்கின்றன!

அப்படியானால் விற்றுவிடலாமே என்றால், அதற்கும் என்னிடம் ஆக்ஷேபம் இல்லை, கேட்பவர் எவரும் வீட்டில் இல்லாதிருந்தால். பழைய தட்டுகளைத் தேடி வாங்கி, துடைத்து, அன்போடு கேட்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் சேர்வது ஒரு யந்திரத்துக்கு நேரக்கூடிய நற்கதி. இதே பாட்டுகள் கைப்பேசியில் கிடைக்கின்றன என்பதும் வாஸ்தவம். சங்கீதத்தைக் கேட்பதற்கு இந்த யந்திரம் அவசியம் என்று நான் வாதாட வரவில்லை.

நான் பார்த்தது வேறு. தட்டைச் சுழலவிட்டு ஊசியை வைக்கும் வேளையில் என் மகள் அருகில் வந்து நிற்கிறாள். பாட்டு தொடங்குவதற்கு முன் எழும் அந்த லேசான இரைச்சலுக்கே அவள் முகம் மாறுகிறது. தட்டின் ஓரத்திலிருந்து ஊசி உள்நோக்கி நகர நகரப் பாட்டு தீர்ந்துகொண்டு வருகிறது என்பதை யாரும் சொல்லாமலே கண்டுபிடித்து, முடியப்போகிறது என்று என்னிடம் அறிவிக்கிறாள். பாட்டுக்கு ஆதியும் அந்தமும் உண்டு, மறுபக்கம் கேட்க வேண்டுமானால் ஒருவர் எழுந்து வந்து தட்டைத் திருப்பி வைக்க வேண்டும் என்பதைக் கண்ணால் பார்த்து வளரும் குழந்தைக்குக் கேட்பது என்ற காரியத்தில் ஒரு சிரத்தை பிறக்கும் என்று நான் பூரணமாக நம்புகிறேன். அந்த வயதைப் பரணில் ஏற்றி வைத்துப் பிறகு இறக்கிக்கொள்ள வழியில்லை.

மேலும், குழந்தையின் கையால் முதலில் கெடக்கூடிய பாகம் ஊசி. அதுவோ தேய்ந்தால் மாற்றிக்கொள்வதற்காகவே தனியாகச் செய்யப்பட்டது. ஈடு செய்ய முடியாதவை தட்டுகள்தாம். கீழே விழுந்தால் நொறுங்கிவிடும் அரக்குத் தட்டுகளை நிமிர்த்தி அடுக்கி, உள்ளறை அலமாரியில் பூட்டிவிட்டேன். யந்திரம் முக்காலியை விட்டு, சுவரோடு திருகி இறுக்கிய உயரமான பலகைக்கு மாறியது. மின்கம்பி தொங்காதபடி பின்புறமாகப் போகிறது. பழைய தட்டுக் கடையிலிருந்து மலிவாக வாங்கிய சில சினிமாப் பாட்டுத் தட்டுகள் மகளுக்கென்றே இருக்கின்றன. உள்ளங்கை படாமல் ஓரத்தை இரு கையாலும் பிடிக்க அவள் அவற்றில்தான் பழகுகிறாள். கீறல் விழுந்தால் விழட்டும்.

வாசகர்களில் யாருடைய பரணிலாவது இப்படியொரு யந்திரம் தூங்குமானால், வெயில் முற்றுவதற்கு முன் அதைக் கீழே இறக்கிப் பாருங்கள்; வீட்டில் கேட்பதற்கு ஒரு ஜீவனேனும் இருந்தால் பாடவிடுங்கள், இல்லையென்றால் கேட்கிறவர் ஒருவருக்கு மனமுவந்து கொடுத்துவிடுங்கள்.