முன்னோர்க்குப் பட்ட கடன்

திருமுழுக்குப் பதிவேட்டில் ஓர் ஏழைக் குழந்தைக்கு எவ்வளவு இடம் கிடைக்கும்? குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், ஞானப் பெற்றோர் பெயர், நாள், குருவானவரின் கையொப்பம். ஒரே ஒரு வரி. ஆயினும் நாடும் நிலக்கிழாரும் மறந்துபோன ஒருவன் இம்மண்ணில் வாழ்ந்தான் என்பதற்கு அந்த ஒரு வரியே சான்றாக நின்றுவிடுவதும் உண்டு.

அயர்லாந்தின் டிப்பெரரி மாவட்டத்தில் பாலிபொரீன் என்றொரு சிற்றூர். அவ்வூர்க் கத்தோலிக்கப் பங்கில் 1829 செப்டம்பர் 3ஆம் நாள் மைக்கேல் என்ற குழந்தை திருமுழுக்குப் பெற்றது. தந்தை தாமஸ் ஓ'ரீகன். தாய் மார்கரெட் மர்பி. அயர்லாந்தில் கத்தோலிக்கரின் பிறப்பை அரசு பதிவுசெய்யத் தொடங்கியதே 1864இல்தான். ஆகவே ஆலயப் பதிவேட்டில் அந்த வரி இல்லையேல் அந்தப் பிறப்புக்குச் சான்று தேடுவது அரிதாகியிருக்கும். 155 ஆண்டுகள் சென்றன. 1984 ஜூன் 3, ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பதிவைக் காண ஒருவர் வந்தார். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன். மைக்கேலின் கொள்ளுப்பேரர்.

மைக்கேல் பிறந்த 1829ஆம் ஆண்டில்தான், டேனியல் ஓ'கானலின் அறப்போராட்டத்தின் பயனாக, கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமரும் உரிமை பெற்றனர். எனினும் உரிமை வந்த வேகத்தில் உணவு வரவில்லை. குத்தகை நிலத்தின் சிறு துண்டில் விளையும் உருளைக்கிழங்கே ஏழைக் குடும்பங்களின் உயிராதாரம். 1845இல் அந்தப் பயிரை ஒரு நோய் தாக்கியது. 1852 வரை நீண்ட பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அதே ஆண்டுகளில் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டே இருந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது. பயிரைக் கெடுத்தது நோய். மக்களைக் கொன்றதில் மனிதர்க்கும் பங்குண்டு.

மைக்கேல் இலண்டனுக்குச் சென்றார். அங்கே பெக்கம் பகுதியில் சோப்புக் காய்ச்சும் தொழில் செய்தார். 1852இல் கேத்தரின் மல்காகி என்ற ஐரியப் பெண்ணை மணந்தார். 1850களின் பிற்பகுதியில் குடும்பம் கடல் கடந்து, கனடா வழியாக அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தை அடைந்தது. 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் அவர் காரல் மாவட்டத்து உழவர். தம் நாட்டில் பிறர் நிலத்தை உழுதவர்களின் மகன், அயல்நாட்டில் சொந்த நிலத்தை உழுதார்.

இந்த ஏற்றம் அடுத்த தலைமுறையில் நிலைக்கவில்லை. இலண்டனில் பிறந்த மகன் ஜானும் அவர் மனைவியும் காசநோய்க்கு இரையாயினர். ஆறு வயது நிரம்புவதற்குள் அனாதையான அவர்களுடைய மகன் ஜாக்கை அத்தை ஒருத்தி வளர்த்தார். ஜாக் காலணி விற்பனையாளரானார். அவருடைய மகனே பின்னாளில் குடியரசுத் தலைவரானார். தந்தை இளமையிலேயே பெற்றோரை இழந்தமையால் குடும்பத்தின் வேர்களைத் தாம் அறியவில்லை என்று பாலிபொரீனில் அவரே கூறினார். ஐரிய மொழியில் 'ஓ' என்னும் முன்னொட்டுக்கு 'இன்னாரின் வழித்தோன்றல்' என்று பொருள். பயணத்தின் இடையில் எங்கோ ஓ'ரீகன் என்ற பெயரிலிருந்து அந்த 'ஓ' உதிர்ந்தது. அதனோடு நினைவும் உதிர்ந்தது. அதை மீட்டுத் தந்தது ஆலயப் பதிவேட்டின் ஒரு வரி.

மீட்ட நினைவை என்ன செய்வது? இங்கேதான் நம் கேள்வி தொடங்குகிறது.

முன்னோரின் பெயரால் பெருமை கொள்வது எளிது. பாலிபொரீனில் ரீகனின் பெயர் சூட்டப்பெற்ற மதுவிடுதி ஒன்று இருந்தது. பின்னர் அதையே பெயர்த்தெடுத்து, கலிபோர்னியாவிலுள்ள அவருடைய நினைவு நூலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். இதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் முன்னோரின் வறுமையும் நமக்கோர் அலங்காரப் பொருளாகிவிடும் ஆபத்து இதில் உண்டு.

ரீகன் அயர்லாந்துக்கு வந்தபோது அவரை வரவேற்றவர்கள் மட்டும் இருக்கவில்லை. குருக்களும் துறவியரும் உட்பட, எதிர்த்தவர்களும் இருந்தனர். மத்திய அமெரிக்காவில் அவரது அரசு கடைப்பிடித்த கொள்கையே காரணம். எல் சால்வடோரிலும் குவாத்தமாலாவிலும் கொலைக்கு அஞ்சி ஓடிவந்து அமெரிக்காவில் புகலிடம் கேட்டவர்களில், அதே 1984ஆம் ஆண்டில், நூற்றுக்கு மூவருக்குக்கூட அது கிடைக்கவில்லை. மறுபக்கமும் உண்டு. 1986இல் அவர் கையொப்பமிட்ட சட்டத்தால், உரிய ஆவணங்களின்றி அந்நாட்டில் வாழ்ந்துவந்த ஏறத்தாழ 27 இலட்சம் பேர் சட்டப்படி வாழும் உரிமை பெற்றனர். ஒரே ஆட்சியில் கதவு மூடியது. ஒரே ஆட்சியில் கதவு திறந்தது. அவரைத் தீர்ப்பிடுவது நம் நோக்கமன்று. கதவைத் தட்டியவரின் பேரனாக இருப்பது மட்டுமே கதவைத் திறக்கும் மனத்தைத் தந்துவிடாது என்பதைக் கண்டுகொண்டால் போதும்.

"கொள்ளுத்தாத்தாவின் துன்பத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? அதற்காக இன்று வருகிற அந்நியனுக்கு நான் ஏன் இடந்தர வேண்டும்?" என்று ஒருவர் கேட்கலாம். இது நேர்மையான கேள்வி. தந்தையின் குற்றம் மகன்மேல் சுமத்தப்படுவதில்லை, தந்தையின் நேர்மையும் மகனுடையதாக ஆவதில்லை என்று எசேக்கியேல் இறைவாக்கினரே தம் 18ஆம் அதிகாரத்தில் கற்பிக்கிறார். ஆபிரகாமின் பிள்ளைகள் என்று மார்தட்டியவர்களைத் திருமுழுக்கு யோவான் கடிந்துகொண்டதையும் நாம் அறிவோம். ஆக, புண்ணியம் பரம்பரைச் சொத்தன்று. பழியும் அன்று.

ஆனால் கடன் வேறு. நாம் உண்ணும் உணவு, கற்ற எழுத்து, சொல்லும் செபம் ஆகிய இவற்றில் எதையும் நாமே உண்டாக்கவில்லை. பெற்றோருக்கும் தாய்நாட்டுக்கும் நாம் பட்ட கடன் ஒருநாளும் முழுமையாய்த் தீர்க்க முடியாதது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கருதினார். பெற்றோரின் கையையாவது நாம் பற்றிக்கொள்ளலாம். கல்லறையில் உறங்கும் முன்னோருக்கு எதைத் திருப்பித் தருவோம்? அவர்களுக்காகச் செபிக்கலாம், திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். அதற்கு மேல், அவர்கள் நின்ற இடத்தில் இன்று நிற்பவருக்குத் தரலாம். வேறு வழி இல்லை.

மைக்கேலின் கதையில் கசப்பான உண்மை ஒன்றும் உண்டு. அவர் உழுத வடமேற்கு இல்லினாய் மண், சாக், மெஸ்க்வாக்கி என்னும் பழங்குடி மக்களின் வாழிடம். 1832ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அவர்கள் மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் துரத்தப்பட்டார்கள். பசியால் துரத்தப்பட்டவருக்குக் கிடைத்த நிலம், படையால் துரத்தப்பட்டவர்களுடையது. மைக்கேல் இதை எண்ணிப் பார்த்திருப்பாரா? நமக்கு முன்னோர் வழியாக வந்த நன்மைகளுக்குப் பின்னால் யாருடைய கண்ணீர் இருக்கிறது என்று நாம்தான் எண்ணிப் பார்க்கிறோமா?

பழங்குடிகளில் வேறோர் இனத்தாரே நமக்கு விடையும் சொல்கிறார்கள். சாக்டா மக்கள் 1831 முதல் 1833 வரை தம் மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு, குளிரிலும் கொள்ளைநோயிலும் ஆயிரக்கணக்கானோரை வழியிலே பறிகொடுத்தவர்கள். 1847இல் அயர்லாந்தின் பஞ்சச் செய்தி அவர்களை எட்டியது. கண்டிராத நாட்டுக்கு, தங்கள் இல்லாமையிலிருந்து 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். அந்நன்றியின் நினைவாக, கார்க் மாவட்டத்தின் மிடில்டன் நகரில் கழுகு இறகுகளின் வடிவில் ஒரு சிற்பம் 2017இல் திறந்துவைக்கப்பட்டது. 2020இல் கொரோனாத் தொற்று நவஹோ, ஹோப்பி பழங்குடியினரை வாட்டியபோது, சாக்டா மக்களின் அன்றைய கொடையை நினைவுகூர்ந்து ஐரியர் பலர் பொருளுதவி அனுப்பினர். கொடுத்தவர்கள் சாக்டா, பெற்றவர்கள் நவஹோவும் ஹோப்பியும். உலகக் கணக்கில் இது பிழை. இறையாட்சியின் கணக்கில் இதுவே சரி.

இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் ஓர் உழவனை நமக்குக் காட்டுகிறது. முதற்பலன்களைக் கூடையில் ஏந்தி அவன் பலிபீடத்தின் முன் நிற்கிறான். விளைச்சலைப் பற்றிப் பெருமை பேசுவதற்கு முன், தன் மூதாதை நாடற்று அலைந்தவன் என்று அவன் அறிக்கையிட வேண்டும். அத்தோடு முடியவில்லை. அந்த விழா மகிழ்ச்சியில் அவனோடு வாழும் அந்நியனுக்கும் பங்கிருக்க வேண்டும். மூதாதையின் நினைவும் அந்நியனின் இடமும் ஒரே வழிபாட்டின் இரு பகுதிகள்.

பழைய பதிவேட்டில் தாத்தாவின் பெயரைத் தேடி நம் பங்கு அலுவலகத்துக்கு வருவோர் உண்டு. பெயர் கிடைத்ததும் அந்த வரிமீது விரலை வைத்துச் சற்று நேரம் அசையாமல் நிற்பார்கள். அந்த மௌனம் புனிதமானது. பதிவேட்டை மூடிவிட்டு வெளியே வரும்போது, வேலைதேடி வேற்றூரிலிருந்து வந்த ஒருவன் ஆலய முற்றத்தில் நிற்கக்கூடும். நம் தாத்தாவுக்குச் செலுத்த வேண்டிய கடனைப் பெற்றுக்கொள்ள வந்தவன் அவனே.