எளிய வழியும் இழிபெயரும்

தான் ஏற்கும் சுமையின் அளவைத் தானே தெரிந்தெடுக்கும் உரிமை மனிதனுக்கு உண்டா? எளியதைத் தெரிந்தெடுத்தவன் அதனாலேயே இழிந்தவன் ஆவானா? இவ்வினாக்களைப் பெரிய காரியங்களில் மட்டுமே எழுப்ப வேண்டும் என்பதில்லை. இன்று நம் இல்லங்களில் இளைஞர் திரைமுன் அமர்ந்து ஆடும் வீடியோ விளையாட்டிலும் இவை எழுகின்றன. சிறு பொருளில் அறத்தைக் காணப் பழகாதவன் பெரும் பொருளிலும் அதனைக் காணான். ஆதலின் இதனை ஈண்டு ஆராய்வோம்.

வாளேந்தியும் துப்பாக்கி ஏந்தியும் பகைவரை எதிர்க்கும் அதிரடி விளையாட்டுகள் பலவற்றில், ஆட்டம் தொடங்குமுன் திரையில் ஒரு கேள்வி தோன்றும்: எளிதா, நடுத்தரமா, கடினமா? தெரிவுக்கு ஏற்பப் பகைவரின் வலிமையும், அவர்தம் அடியால் ஆடுவோனுக்கு நேரும் சேதமும், சிலவற்றில் பகைவரின் தொகையும் மாறும். கதையும் களமும் பெரும்பாலும் மாறுவதில்லை.

இக்கேள்வியில் குற்றமில்லை. அது கேட்கப்பட்ட முறையிலேதான் குற்றம் புகுந்தது. 1992-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ‘வுல்ஃபென்ஸ்டைன் 3டி’ என்னும் விளையாட்டில், மிக எளிய நிலைக்குக் குழந்தையொன்று தந்தையிடம் அனுமதி கேட்பது போன்ற பெயர் இடப்பட்டது. வீரனின் முகமும் குழந்தைத் தொப்பியோடும் வாயில் சூப்பானோடும் காட்டப்பட்டது. 2005-இல் ஜப்பானியர் ஆக்கிய ‘நிஞ்ஜா கைடன் பிளாக்’, தொடக்கத்திலேயே மீண்டும் மீண்டும் மாண்டவனுக்கு எளிய நிலையை அளிக்க முன்வந்தது. அந்நிலைக்கு அது வைத்த பெயரோ ‘நிஞ்ஜா நாய்’ என்பது. 2015-இல் வந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5’, பலமுறை தோற்றவனிடம் கோழி வடிவான தொப்பியை நீட்டியது. ஆங்கிலத்தில் கோழி என்பது கோழையைக் குறிக்கும் ஏளனச் சொல்.

இது வேடிக்கைதானே என்பர் சிலர். வேடிக்கையை நாமும் வெறுப்பவரல்லர். ஆயினும் ஒரு கையால் உதவியை நீட்டி, மறு கையால் நெற்றியில் இழிபெயர் எழுதுவது உதவியாகாது. பெயரிடுவோன் மேலே நிற்கவும் அதனைத் தாங்குவோன் கீழே நிற்கவும் அமைந்த ஏற்பாட்டை வேடிக்கை என்னும் சொல் மறைத்துவிடாது. அப்பெயருக்கு அஞ்சித் தன்னால் இயலாத நிலையை ஏற்று, பின்னர் ஆட்டத்தையே கைவிடுபவன் இழப்பது விளையாட்டை மட்டுமன்று. தன்னால் எதுவும் ஆகாது என்னும் பொய்யான பாடத்தையும் அவன் கற்றுக்கொள்கிறான்.

இனி மறுபக்க வாதத்தையும் கேட்போம். ஹிடெடகா மியாசாகி இயக்கி 2019-இல் வெளிவந்த ‘செகிரோ’ என்னும் ஜப்பானிய விளையாட்டில் எளிய நிலை என்பதே இல்லை. அது குறித்துப் பெரும் விவாதம் எழுந்தது. எல்லோர்க்கும் ஒரே தடை இருந்தால்தான் வென்றோர் அனைவரும் ஒரே அனுபவத்தைப் பகிர்ந்துகொள்வர். அத்தடையே அக்கலையின் உட்பொருள் என்றனர் ஒரு சாரார். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கலைஞன் தன் படைப்பைக் கடினமாக அமைக்க உரிமை உடையவன்.

ஆனால் ‘ஒரே தடை’ என்பதைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பகைவனின் வாளைத் தடுக்க நொடியில் ஒரு சிறு பகுதியே வாய்க்கிறது. விரைந்த விரலுடைய இளைஞனுக்கும், கை நடுங்கும் முதியவனுக்கும், விரல் முழுதும் மடங்காத நோயாளிக்கும் அச்சிறு பகுதி ஒன்றாகுமா? தடையின் அளவு திரையில் மட்டும் இல்லை; திரைக்கும் கைக்கும் இடையே உள்ளது. மேலும், கடினமாக ஆக்குவது ஆக்கியோனின் உரிமை என்றால், எளிய நிலையில் ஆடுவோரை ஏளனம் செய்வது எவருடைய உரிமை? முன்னதிலிருந்து பின்னது பிறப்பதில்லை.

இழிபெயர் இன்றி உதவ இயலும் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ மிகக் கடினமான ஆட்டமே. எனினும் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கவும், வீழாமல் செல்லவும் அது துணைநிலை ஒன்றை அளித்தது. முதலில் அத்துணையின்றி ஆடுமாறே அதன் அறிவிப்பு பரிந்துரைத்தது. 2019-இல் அச்சொற்களையும் ஆக்கியோர் மாற்றி, தேவையுடையோரை வரவேற்கும் விதமாக எழுதினர். 2020-இல் முழுமையாக வெளிவந்த ‘ஹேடீஸ்’ ஆட்டத்தில், விரும்பி ஏற்போர்க்குப் பகைவர் அடி 20 விழுக்காடு குறைகிறது. ஒவ்வொரு சாவுக்கும் மேலும் 2 விழுக்காடு குறைந்து, 80 வரை செல்கிறது. தோல்வி அங்கே ஏளனத்திற்குக் காரணமாகாமல் துணைக்குக் காரணமாகிறது.

அங்ஙனமாயின் எதைத் தெரிந்தெடுப்பது நன்று? தோற்றபின், ஏன் தோற்றோம் என்று அறிய முடிகிறதா என்பதே அளவுகோல் என்போம். பத்தாம் தோல்வியும் எதையோ கற்பிக்குமாயின் அந்நிலை தக்கதே. சினத்தை மட்டும் வளர்க்குமாயின், அங்கே நிற்பது வீரமன்று, செருக்கு. மனம் உறங்கக் கை மட்டும் அசைந்து வெல்லுமாயின், அந்நிலை நமக்குக் குறைவானது. எளியதில் வென்று, கடினத்தில் வென்றேன் என்பவன் பிறரை ஏய்க்கிறான். பிறர் பாராட்டுக்காகவே கடினத்தை ஏற்று வருந்துபவன் தன்னையே ஏய்க்கிறான். இரண்டும் பொய்யே.

பிறன் எளிதில் வென்றால் என் வெற்றி மலிந்துவிடாதோ என்னும் ஐயம் ஒன்று எஞ்சுகிறது. ஒருவரோடொருவர் போட்டியிடும் பந்தயத்தில் விதி எல்லோர்க்கும் ஒன்றாதல் வேண்டும், அதனை மறுப்பாரில்லை. விரைந்து முடிக்கும் போட்டிகளில் வெவ்வேறு நிலைகளின் சாதனைகளைத் தனித்தனியே பதிவதும் அதனாலேயே. ஆனால் தனியே அமர்ந்து ஆடுவோன் எவரோடும் பந்தயமிடவில்லை. அவன் வெற்றியால் உன் வெற்றியில் ஒரு துளியும் குறையாது. குறைந்ததாகத் தோன்றினால், நீ மகிழ்ந்தது உன் திறமையினால் அன்று, பிறன் தாழ்வினால் என்பதே பொருள். அம்மகிழ்ச்சியை ஐயுற வேண்டும்.

ஆதலின் பெற்றோரும் மூத்தோரும் இளைஞரிடம், ‘எந்த நிலையில் ஆடினாய்?’ என்று கேட்பதோடு அமையாது, ‘அதில் என்ன கற்றாய்?’ என்றும் கேட்பார்களாக. இளைஞரும் தம் தோழன் எளியதைத் தெரிந்தெடுக்கும்போது நகையாதிருப்பார்களாக.