ராத்திரி ஏரி நமக்கில்லை

சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் பைக்கின் பின்னால் டென்ட்டைக் கட்டிக்கொண்டு தேன்கனிக்கோட்டை மலைப்பக்கம் கிளம்பும் தம்பிகளே, தங்கைகளே, உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். காட்டு ஏரிக்கரையில் இரவு தங்காதீர்கள். பகலில் போங்கள், அனுமதியோடு போங்கள், கண்குளிரப் பாருங்கள். பொழுது சாய்வதற்குள் கரையை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வாரம் ஆறு நாள் ஓசூர் சிப்காட்டில் மெஷின் சத்தத்துக்கு நடுவே நிற்கிறவருக்கு மலைக்காற்று ஓர் ஆசை இல்லை, தேவை. நம் காவேரிப்பட்டினத்திலிருந்து ராயக்கோட்டை வழியாகத் தேன்கனிக்கோட்டை போய், பெட்டமுகிலாளம் ரோட்டில் ஏறினால் அய்யூர் காடு. மூங்கில் புதர், குளிர், காட்டுக்குள்ளே சாமி ஏரி. அந்தக் கரையில் உட்கார்ந்தவருக்கு அங்கேயே படுத்துவிடத் தோன்றும். தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த ஆசைக்கான விலையைக் கொடுப்பது நாம் அல்ல.

அய்யூரை உள்ளடக்கிய இந்த மேலகிரி மலைக்காடு யானைகளின் காடு. மழைக்காலம் ஓய்ந்து ராகி கதிர் பிடிக்கும் நாட்களில் கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டிலிருந்தும் ஜவளகிரி வழியாகக் கூட்டம் கூட்டமாக இந்தப் பக்கம் வருகின்றன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பகலில் மாடு மேய்ப்பவரும் வண்டிகளும் நடமாடுவதால் மரநிழலில் ஒதுங்கி நின்றுவிட்டு, வெயில் தணிந்த பிறகுதான் அவை தண்ணீருக்கு இறங்கும். கூட்டத்தை நடத்திவருவது வயதான பெண் யானை. ஏரிக்குச் சற்றுத் தூரத்திலேயே நின்று தும்பிக்கையைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடிக்கும். கருகிய இறைச்சி வாசம், பெட்ரோல் வாசம், மனித வியர்வை, ஸ்பீக்கரின் அதிர்வு, இதில் எது பட்டாலும் கூட்டம் இறங்காது. நடுவில் தாகத்தோடு குட்டி நின்றாலும் இறங்காது.

இறங்காத கூட்டம் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள். காட்டோரத்து ராகிக் கொல்லைக்கும் அதன் பக்கத்துக் கிணற்றுத் தொட்டிக்கும் போகும். அங்கே பரணில் டார்ச் லைட்டோடு ஒரு விவசாயி ராக்காவல் இருக்கிறார். வட்டிக்கு வாங்கி விதைத்தவர், விட்டுவிட்டுப் போக முடியாது. தாகத்தோடும் மிரட்சியோடும் வருகிற யானையை எதிர்கொள்வது அவர்தான். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும்போது அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருக்கலாம். ஏரிக்கரையில் ஓர் இரவு பாட்டுப் போட்டதற்கும் அந்த வாசலுக்கும் சம்பந்தமில்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

மிரண்ட யானை எப்படியிருக்கும் என்று நம் ஊருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. 2023 மே மாதம் இரண்டு ஆண் யானைகள் காவேரிப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களுக்கே வந்துவிட்டன. வயல்வெளியில் ஒதுங்க இடமில்லாமல் தவித்த அவற்றைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. செல்போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போனார்கள். உயிர்ப்பலியில் முடிந்தது. அதைப் பார்த்த ஊரிலிருந்தே இன்று டென்ட் கட்டிக்கொண்டு யானைத்தடத்துக்குப் போகிறோம் என்பதுதான் என்னைப் பதற வைக்கிறது.

டென்ட் பாதுகாப்பு என்று நினைக்கிறவர்கள் வயநாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் மேப்பாடியில், காட்டை ஒட்டிய ரிசார்ட் ஒன்றில் டென்ட்டில் தங்கப்போன இளம்பெண்ணை யானை கொன்றது. பணம் கட்டி, ஆட்கள் இருக்கும் இடம் என்று நம்பிப் போனவர் அவர். மெல்லிய நைலான் துணிக்கும் யானைக்கும் நடுவில் எதுவுமே இல்லை.

அடுத்தது நெருப்பு. இதில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தக் காடு இலையுதிர் காடு. தை பிறந்தால் உதிரத் தொடங்கி, மாசி, பங்குனியில் கணுக்கால் புதையும் அளவுக்குச் சருகு கிடக்கும். நீங்கள் மூட்டிய நெருப்பில் ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றி, மேலே மண்ணைத் தள்ளி, அணைந்துவிட்டது என்று கிளம்புகிறீர்கள். உள்ளே மூங்கில் வேரைப் பிடித்த கங்கு மறுநாள் மத்தியானக் காற்றில் கண் விழிக்கும். சரிவில் மேல்நோக்கி ஓடும் தீயை மனிதன் ஓடி ஜெயிக்க முடியாது. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மலையேறப் போன உங்கள் வயதுப் பிள்ளைகள்தான் பெரும்பாலோர்.

விட்டுவிட்டு வரும் குப்பையைக் கிட்டே போய்ப் பாருங்கள். உடைத்துப்போட்ட பீர் பாட்டிலின் அடிப்பாகம் கரைச்சேற்றில் பாதி புதைந்து, கூரான பக்கம் மேலே நிற்கும். யானையின் பாதம் குளம்பு போலக் கெட்டியானது இல்லை. அடியில் மெத்தென்ற சதை. கண்ணாடி ஏறினால் சீழ் வைக்கும், நடக்க முடியாது. நடக்க முடியாத யானை பிழைக்காது. பக்கத்திலேயே நிப்பட்டும் சிப்ஸும் கொண்டுபோன பிளாஸ்டிக் கவர் கிடக்கும். அதன் உட்புறத்தில் ஒட்டிய எண்ணெயும் உப்பும் போதும், யானை கவரையும் சேர்த்து விழுங்கிவிடும். 2025 மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் இறந்த பெண் யானையின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் குப்பை இருந்தது. கருப்பையில் குட்டியும் இருந்தது. நீலகிரியில் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணத்தைத் தரும் முறையை 2022இல் கொண்டுவர வேண்டி வந்ததே, அது ஏன்? சொன்னால் கேட்காத நம்மால்தான்.

சட்டமும் சும்மா இல்லை. நம் பக்கத்துக் காவேரி வடக்கு சரணாலயம் 2014இலும் காவேரி தெற்கு சரணாலயம் 2022இலும் அறிவிக்கப்பட்டவை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதும், தீ மூட்டுவதும், விலங்கைச் சீண்டுவதும், குப்பை போடுவதும் குற்றம். மற்றக் காப்புக்காட்டிலும் அத்துமீறி நுழைந்து தீ மூட்டினால் வழக்கு உண்டு. ஆனால் வழக்குக்குப் பயந்து மட்டும் விலகாதீர்கள். வனக்காவலர் வராத இரவிலும் அந்த ஏரி தாகத்தோடு நிற்கும் அந்த யானைக்குட்டியுடையதுதான்.

போக நல்ல வழி இருக்கிறது. வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டத்தின் 40 பாதைகளில் அய்யூர் – சாமி ஏரியும் ஒன்று. முன்பதிவு செய்யலாம். காட்டை அறிந்த உள்ளூர்ப் பிள்ளைகள் வழிகாட்டியாக வருவார்கள். நீங்கள் கட்டும் பணத்தில் அவர்கள் வீட்டு அடுப்பும் எரியும். தீக்காலத்தில் பாதையை மூடினால் ஏன் மூடினார்கள் என்று சண்டை போடாதீர்கள். குடும்பத்தோடு தண்ணீரைப் பார்த்து உட்கார வேண்டுமென்றால் கே.ஆர்.பி. அணை நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, அனுமதியில்லாத இடத்துக்கு ராத்திரியில் ஆள் கூட்டிப்போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை நம்பி வருகிறவர்களுக்குக் காடு தெரியாது, உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் கூட்டிப்போவது பாவம். இன்றோடு நிறுத்துங்கள்.

டென்ட்டை எடுத்துவைத்திருக்கும் தம்பி, இந்த வாரமே தொடங்கு. உன் குழுவில் ஒருவனாவது, "ராத்திரி வேண்டாம்டா, அஞ்சு மணிக்குக் கிளம்பிடலாம்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒருவன் நீயாக இரு. மற்றவர்கள் கேலி செய்தால் செய்யட்டும். நீ வண்டியைத் திருப்பு.