வரிசை வரிசையாய்ச் சின்னக் குண்டுகள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குக் கிளம்பும் லாரிகளின் முகப்பைப் பார்த்தால், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ரேஷன் கார்டு மாதிரி இருக்கும். நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், அதற்குக் கீழே பெண்பிள்ளைகள் இருவரின் பெயர், பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும், ஓரத்தில் பெயிண்டரின் கையெழுத்தும் போன் நம்பரும். திண்டுக்கல் பைபாஸில் வண்டி நொறுங்கிக் கிடந்தால்கூட, மிச்சமிருக்கும் அரை எழுத்தை வைத்தே இது இன்னார் வண்டி என்று சொல்லிவிட ஆள் இருக்கும்.

எண்பது வருஷத்துக்கு முன்னால், இரண்டாம் உலகப் போரில், இந்தியாவிலிருந்து பறந்த குண்டுவீச்சு விமானங்களின் மூக்கிலும் இப்படித்தான் எழுதினார்கள். வங்காளத்தில் பாண்டவேஸ்வர், சல்பானி, திக்ரி, அஸ்ஸாமில் சபுவா என்று அன்று எத்தனையோ ஓடுதளங்கள். பரங்கிமலையிலேயே 1944இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 200ஆம் ஸ்க்வாட்ரன் லிபரேட்டர் விமானங்களோடு வந்து இறங்கியது. பிரிட்டிஷார் வண்ணம் பூசுவதில் கொஞ்சம் கைச்சுருக்கம், அமெரிக்கர்கள் தாராளம். காலண்டர் அழகி, கார்ட்டூன் முயல், ஊர்ப் பெயர், காதலியின் பெயர், வம்புக்கு வைத்த பெயர் என்று எதையும் விடவில்லை. ஓவியத்தின் பக்கத்தில் வரிசை வரிசையாய்ச் சின்னக் குண்டுகள் இருக்கும். ஒரு தாக்குதலுக்கு ஒரு குண்டு. இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன விமானமென்றால் ஒரு நடைக்கு ஓர் ஒட்டகம்.

அந்த ஓவியங்களின் கீழே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படங்கள் இன்று உலகமெங்கும் பழைய ஆல்பங்களிலிருந்து வெளிவருகின்றன. அரைக்கால் டிரவுசர், சட்டையில்லாத உடம்பு, வெயிலுக்குச் சுருக்கிய கண், இருபது இருபத்திரண்டு வயது. பின்பக்கம் பென்சிலில் ஏதாவது கிறுக்கியிருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வால்பகுதியில் உள்ள வரிசை எண் படத்துக்குள் வந்திருக்காது. மூக்கில் உள்ள பெயர் மட்டும்தான் பிடி. அந்தப் பெயரிலிருந்து ஸ்க்வாட்ரன், அங்கிருந்து பறந்த நாட்களின் பதிவேடு, பதிவேட்டிலிருந்து ஆட்களின் பெயர் என்று இழுத்துக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். குண்டுக் குறிகளை லென்ஸ் வைத்து எண்ணி, பதினேழு இருந்தால் இது இன்ன மாதத்துக்கு முந்திய படம் என்று கணக்குச் சொல்வார்கள்.

இப்படி ஆராய்வது இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையா, அல்லது போரை ரசிப்பதற்கு ஒரு கௌரவமான சாக்கா?

மரியாதை என்பதற்கு ஆதாரம் அருணாசலப் பிரதேசத்தில் கிடைத்தது. 'ஹாட் ஆஸ் ஹெல்' என்று பெயரிட்ட லிபரேட்டர் ஒன்று 1944 ஜனவரி 25 அன்று சீனாவின் குன்மிங்கிலிருந்து சபுவாவுக்கு வரும் வழியில் எட்டுப் பேரோடு காணாமல் போனது. அறுபத்திரண்டு வருஷம் கழித்து, 2006இல், அரிசோனாவைச் சேர்ந்த மலையேறி கிளேட்டன் கூல்ஸ் உள்ளூர்க்காரர்களின் துணையோடு அதன் சிதைவுகளைக் கண்டுபிடித்தார். மலைக்காரர்களுக்கு அந்த இடம் எப்போதோ தெரியும். தெரியாமல் இருந்தது வாஷிங்டனுக்குத்தான். எலும்புகளின் சிறு பகுதி 2016இல் டெல்லியிலிருந்து மரியாதையோடு அனுப்பப்பட்டது. எட்டுப் பேரில் ஒருவரான ராபர்ட் ஆக்ஸ்ஃபோர்டை அடையாளம் கண்டு, 2017இல் ஜார்ஜியா மாநிலத்தில் அவருடைய சொந்த ஊரில் அடக்கம் செய்தார்கள். எழுபத்து மூன்று வருஷம் ஒரு வீடு காத்திருந்திருக்கிறது. பழைய படங்களோடும் பதிவேடுகளோடும் மல்லுக்கட்டுகிறவர்களை வெறும் பொழுதுபோக்குக்காரர்கள் என்று தள்ளிவிடுவதற்கு முன் அந்தக் காத்திருப்பை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் கண்ணெதிரே இருக்கிறது. அமெரிக்க வான்காட்சிகளில் பல ஆண்டுகள் பறந்த ஒரு லிபரேட்டரின் கதை இது. போர் முடிந்து கான்பூரில் கைவிடப்பட்ட விமானங்களை 1948 வாக்கில் பெங்களூரின் எச்.ஏ.எல். பழுதுபார்த்து இந்திய விமானப்படைக்குக் கொடுத்தது. அவற்றில் ஒன்றாக இதுவும் 1968 வரை இந்தியாவில் உழைத்தது. பிறகு கடல் கடந்து போய், புதுப்பிக்கப்பட்டு, 1989இலிருந்து 'ஆல் அமெரிக்கன்' என்ற பெயரோடு பறந்தது. அதன்பின் 'தி டிராகன் அண்ட் ஹிஸ் டெயில்', அதற்கும் பின் 'விட்ச்கிராஃப்ட்'. மூன்றுமே வேறு விமானங்களின் பெயர், வேறு ஆட்களின் நினைவு. மரியாதைக்காகத்தான் செய்தார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்தத் தகரத்தில் உண்மையாகவே இருபது வருஷம் கைவைத்த இந்திய மெக்கானிக்குகளின் தடயம் மூன்று கோட் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டது. ஒருவரை நினைவுகூர இன்னொருவரை அழிக்க நேர்வது இந்தத் துறையின் பழைய வியாதி.

படங்களிலும் அதே வியாதி உண்டு. ஓடுதளத்துக்கு ஜல்லி சுமந்த பெண்களும் பெட்ரோல் டின் உருட்டிய கூலிகளும் ஓரத்தில் பாதி உடம்பாக நிற்பார்கள். அச்சேறும்போது முதலில் வெட்டுப்படுவது அந்த ஓரம்தான். அரைநிர்வாண ஓவியங்களைப் பற்றியும் கேள்வி எழுப்புகிறார்கள். ஓவியங்களை மறைக்கவும் வேண்டாம், டீ-ஷர்ட்டில் போட்டு விற்கவும் வேண்டாம். சாவுக்குப் பக்கத்தில் நின்ற பையன்கள் எதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்பதற்கு அதுவும் சாட்சி. அதற்கு மேல் அந்தக் கேள்வியில் ஆழம் இல்லை.

ஆழம் இருப்பது அந்தச் சின்னக் குண்டுகளில். பதினேழு குறி என்றால் பதினேழு இடம். அந்த இடங்களில் யார் இருந்தார்கள்?

வங்காளத்திலிருந்து எழுந்த லிபரேட்டர்களின் முக்கியமான இலக்குகளில் ஒன்று சயாம்–பர்மா ரயில் பாதை. 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் ஜப்பானியர் முடித்தார்கள். வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்கும் மேல், அவர்களில் இறந்தவர்கள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் என்பது மதிப்பீடு. இறந்தவர்கள் தொண்ணூறாயிரம் அளவில் இருக்கலாம் என்பதும் மதிப்பீடுதான். மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் இந்த இரண்டாவது கணக்கில் வருகிறார்கள். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்று நாவல் எழுதியது இவர்களைப் பற்றித்தான். தஞ்சை, திருச்சி, சேலம், மதுரை மாவட்டங்களிலிருந்து கங்காணி பேச்சைக் கேட்டுக் கப்பலேறிய குடும்பங்கள் அவை. திண்டுக்கல் அன்றைக்கு மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது.

பாதை முடிந்ததும் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடவில்லை. குண்டு விழுந்து பாலம் உடைந்தால் சரிசெய்ய ஆள் வேண்டுமே. முகாம்கள் பாலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தன. 1944 செப்டம்பரில் நோங் பிளாதுக் முகாமில் நேச நாட்டு விமானங்களின் குண்டுகளுக்கே கிட்டத்தட்ட நூறு போர்க்கைதிகள் பலியானார்கள். அது எண்ணிச் சொல்லக்கூடிய கணக்கு, ஏனென்றால் கைதிகளுக்குப் பட்டியல் இருந்தது. தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,900க்கு மேற்பட்ட கல்லறைகள் புல் வெட்டிப் பராமரிக்கப்படுகின்றன. கூலிகளுக்கு இருந்ததெல்லாம் தோட்டத்து செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு மட்டும். காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் எண்ணும் வரிசைக்கு, வந்தால் பெயருக்கு நேரே தோட்டத்து எழுத்தரான கிராணி ஒரு குறி போடுவார். சயாமுக்குப் போன நாளிலிருந்து அந்தக் குறி இல்லை. விமானத்தின் மூக்கிலோ ஒவ்வொரு நடைக்கும் குறி ஏறிக்கொண்டே போயிற்று.

இதைச் சொன்னதும் ஒரு நியாயமான மறுப்பு வரும். அந்த விமானிகள் கூலிகளைக் கொல்லவா போனார்கள்? இல்லை. அந்த ரயில் பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குச் சோறும் வெடிமருந்தும் கொண்டுபோனது; அந்தப் படைதான் 1944இல் இம்பாலுக்கும் கோஹிமாவுக்கும் வந்தது. கூலிகளில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு அல்ல. காலராவும் பட்டினியும் மூங்கில் கம்பும். ஜப்பானிய எஞ்சினியர்களின் அவசரத்துக்குப் போக வேண்டிய பழியை இருபது வயதுப் பையன் தலையில் ஏற்றுவது அநியாயம். முகாம்களில் இருந்த கைதிகள் பலர் விமானச் சத்தம் கேட்டுப் பயந்த அதே மூச்சில் மகிழ்ந்தும் இருக்கிறார்கள். இந்த மறுப்பில் ஒரு வார்த்தைகூடத் தள்ளத்தக்கது அல்ல.

ஆனாலும், குற்றவாளி அல்ல என்று ஒருவரை விடுவிப்பது வேறு. அவர் செய்தது எங்கே போய் விழுந்தது என்று பார்க்காமலே இருப்பது வேறு. பெயர் கண்டுபிடிப்பவர் நீதிபதி வேலை பார்க்கத் தேவையில்லை. ஆனால் எண்ணத் தொடங்கிவிட்டார் அல்லவா? ஓவியத்தின் நிறத்துக்காகவும் படத்தின் தேதிக்காகவும் குண்டுக் குறிகளை லென்ஸ் வைத்து எண்ணியவர், எட்டாவது குறி எந்தப் பாலம் என்று மட்டும் கேட்காமல் விடுவது மறதி ஆகாது. அது ஒரு தேர்வு. பதிவேடு அவர் மேஜை மேலேயே திறந்து கிடக்கிறது. பிரிட்டிஷ் ஸ்க்வாட்ரன்களின் பறப்புப் பதிவேட்டில் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம், இலக்கு, விமானத்தில் இருந்தவர்கள் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் வருகிறது. ஆட்களின் பெயரை எடுத்துக்கொண்டு இலக்கை விட்டுவிடுவதற்கு அந்தப் பக்கத்தைக் கத்தரிக்கோல் போட்டுத்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

'பேரனுக்குத் தாத்தாவின் படத்தைத் தேடிக் கொடுக்கிறேன், அதில் எதற்கு சயாம் கூலி?' என்று கேட்கலாம். பேரனிடம் கொடுக்கும்போது எவ்வளவு சொல்வது என்பது இங்கிதம் சார்ந்தது. எழவு வீட்டில் கணக்கு வழக்கு பேசக்கூடாது என்பது நமக்குத் தெரியாததல்ல. புத்தகமாகவோ கண்காட்சியாகவோ பொதுவில் வைக்கும்போது அந்த இங்கிதம் செல்லாது. அங்கே விமானத்தின் பெயரையும் அதில் பறந்தவர்களின் பெயரையும் எழுதுகிற அதே அளவு எழுத்தில் இலக்கின் பெயரும் இருக்க வேண்டும், கீழே இருந்தவர்கள் யாரென்று ஒரு வரியும் வேண்டும். பெயர் தெரியாவிட்டால் பெயர் தெரியாது என்றே எழுதலாம்.

நடுகல் வைத்த சமூகத்துக்கு இது புதுச் சேதி இல்லை. ஆண்டிப்பட்டிக்குப் பக்கத்தில் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த தமிழி எழுத்துள்ள கல், ஆகோளில், அதாவது மாடு கவரும் சண்டையில், இறந்தவனுடையது. தமிழ்நாட்டில் மாட்டைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. எந்த ஊர், என்ன சண்டை, யார் என்பதைச் சேர்த்தே பொறித்தார்கள். ஆளை மட்டும் தனியாக உருவி எடுக்கவில்லை. அதே வழக்கத்தில் காஞ்சனபுரியில் ரயில் பாதைத் தமிழர்களுக்கு அண்மையில் நடுகல் வைத்திருக்கிறார்கள். பொறிக்க முழுப் பெயர்ப் பட்டியல்தான் இல்லை.

திண்டுக்கல் சுற்றுவட்டாரத்து வீடுகளில் வாசற்படிக்கு மேலே செத்தவர்களின் போட்டோ சந்தனப் பொட்டோடு தொங்கும். மலேயாவுக்குப் போனவருக்கு அநேகமாகப் போட்டோ இருக்காது. செத்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசையில்தான் எள்ளும் தண்ணீரும். லண்டன் ஆவணக் காப்பகத்தில், ஒரு லிபரேட்டர் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எந்தப் பாலத்தின் மேல் இருந்தது என்று டைப் அடித்த தாள் இருக்கிறது. மூக்கோவியத்தின் தேதியைச் சரிபார்க்க அதை இன்று புரட்டுகிறவர்கள் கையில், இந்தப் பக்கத்து ஓரிரண்டு பேரின் திதியும் இருக்கக்கூடும்.