மூடுபனியின் வெண்மை

கேமராவின் ஒளி மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். கரிக்குவியலைக் காட்டினாலும் வெளுத்த வேட்டியைக் காட்டினாலும் அதற்கு ஒன்றுதான். அது சொன்னபடி எடுத்தால் கரி வெளிறிப்போகும், வேட்டி அழுக்காகும்.

நெதர்லாந்தில் ரோட்டர்டாமுக்குக் கிழக்கே, லெக் ஆறும் நோர்ட் ஆறும் கூடுகிற கிண்டர்டைக்கில் இதை நன்றாக உணரலாம். அங்கே 19 காற்றாலைகள் இருக்கின்றன. பெரும்பாலானவை 1738லும் 1740லும் கட்டப்பட்டவை. தாழ்ந்த நிலத்தில் தேங்கும் தண்ணீரை மேட்டு நீர்நிலைக்கு ஏற்றிவிடுவதுதான் அவற்றின் வேலையாக இருந்தது. 1997இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. இலையுதிர்கால விடியலில் வாய்க்கால்களிலிருந்து மூடுபனி எழுந்து பரவும்போது, தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய முடியாது. முதல் காற்றாலை கறுத்து நிற்கும், அடுத்தது வெளிறியிருக்கும், மூன்றாவது இருக்கிறதா என்றே சந்தேகம் வரும்.

அந்த வெண்மைக்காகத்தான் படமே. மீட்டரை நம்பி அழுத்தினாலோ, மழைக்கு முந்தைய மந்தாரம் போல ஒரு படம் கிடைக்கும். மீட்டர் சொல்வதற்கு மேல் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு), சில காலைகளில் அதற்கும் சற்று அதிகமாக, ஒளியைக் கூட்டித் தர வேண்டும். ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். 1940ஐ ஒட்டிப் புகைப்படக் கலைஞர்கள் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ஸோன் முறையின் உயிர்நாடியும் இதுதான்: எது எவ்வளவு வெளுப்பு என்பதை எடுப்பவரே தீர்மானிக்க வேண்டும்.

சட்டகத்தில் முக்கால் பங்கை வானத்துக்குக் கொடுத்துவிடுவேன். காற்றாலையை ஓரமாக நிறுத்தி, அது பார்க்கும் திசையில் வெறுமையாக இடம் விடுவேன். ட்ரைபாடைத் தாழ்த்தினால் இறக்கைகள் அடிவானத்துக்கு மேலே தனித்துத் தெரியும். சுழலும்போது மெதுவான ஷட்டரே எனக்குப் பிடிக்கும். இறக்கை கொஞ்சம் கலங்கினால்தான் காற்று தெரியும்.

ஓய்ந்து நிற்கும் இறக்கைகளுக்கும் அங்கே அர்த்தம் உண்டு. மேல் இறக்கை உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்னால் நின்றால் மகிழ்ச்சி. உச்சியைத் தாண்டிச் சற்றே சரிந்து நின்றால் துக்கம். 2014 ஜூலையில் உக்ரைன் வானில் மலேசிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தபோது, நெதர்லாந்தில் பல காற்றாலைகள் துக்கநிலையில் நின்றன. அந்தச் சாய்வை அறியாதவர் அழகான கோணம் என்று படமெடுத்துக்கொண்டு போய்விடுவார்.

நாமும் மனிதர்களை அந்த மீட்டரைப் போலத்தான் அளக்கிறோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் துக்கம் அடங்கிவிட வேண்டும் என்பது ஊர் வைத்திருக்கும் நடுத்தரம். அதற்கு மேல் அழுகிற பெண்ணிடம் "இன்னுமா?" என்று கேட்கிறோம். துள்ளிக் குதிக்கிற குழந்தையிடம் "போதும்" என்கிறோம். இரண்டு பேரையும் ஒரே சாம்பலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் நமக்கு நிம்மதி. அவள் இழப்பு எவ்வளவு பெரிதென்று அவள் முகத்தைப் பார்த்தால் தெரியும். நாட்காட்டிக்குத் தெரியாது.

உங்கள் வீட்டில் யாராவது இன்னும் அழுதுகொண்டிருந்தால், தயவுசெய்து நாள் கணக்குக் கேட்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள்.