ஊனுண்ணாதார்க்கும் உரிய கவலை

கடைகளில் விற்கப்படும் பச்சை இறைச்சியில் மருந்துக்கு அடங்காத நோய்க்கிருமிகள் காணப்படுகின்றன என்னும் செய்தியைப் படிக்கையில் நம்மவரிடையே இருவகை எண்ணங்கள் எழக் காண்கிறோம். ‘நாம் உண்பதில்லை, நமக்கென்ன?’ என்பது ஒன்று. ‘புலால் மறுத்தலின் மேன்மையை விஞ்ஞானமும் ஒப்புக்கொண்டுவிட்டது’ என்னும் மகிழ்ச்சி மற்றொன்று. இவ்விரண்டும் அறநோக்கிற்குப் பொருந்துமா என்பதே இங்கு நாம் ஆராய வேண்டுவது.

முதற்கண் செய்தியை அறிவோம். வேறு மருந்துகள் பயன்படாதபோது மருத்துவர்கள் இறுதியாகக் கையாளும் ஆன்டிபயாடிக் மருந்துகளுள் கொலிஸ்டின் ஒன்று. அதனை எதிர்த்து நிற்கும் ஆற்றலைத் தரும் மரபணு ஒன்றைச் சீன நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கண்டு, 2015 நவம்பரில் வெளியிட்டனர். பச்சை இறைச்சி மாதிரிகள் 523-இல் 78-இலும், விலங்குகள் 804-இல் 166-இலும், மருத்துவமனை நோயாளிகளின் மாதிரிகள் 1322-இல் 16-இலும் அம்மரபணு உடைய கிருமிகள் இருந்தன. அது ஒரு கிருமியிலிருந்து வேறொரு கிருமிக்கு எளிதில் தாவவும் வல்லது.

இக்கேட்டிற்கு வழிவகுத்தது யாது? பண்ணைகளில் நோயற்ற பன்றிகளுக்கும் கோழிகளுக்குங்கூட, விரைவில் எடை கூடும்பொருட்டு, இம்மருந்தைத் தீவனத்தோடு சிறுகச் சிறுகக் கலந்து கொடுத்து வந்தனர். சிற்றளவு மருந்தால் வலியற்ற கிருமிகள் மடிய, எதிர்க்க வல்லவை எஞ்சிப் பெருகின. எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் இதனைச் சேர்ப்பதைச் சீனா 2017-இல் நிறுத்தியது. உணவுக்கென வளர்க்கப்படும் விலங்குகளுக்கு இம்மருந்து கூடாதென நம் நாடு 2019 ஜூலையில் தடை விதித்தது.

இனி, ‘நமக்கென்ன?’ என்பதை நோக்குவோம். நன்கு வேகவைத்தால் கிருமி மடியும். எனினும் பச்சை இறைச்சியைத் தொட்ட கையும், அரிந்த கத்தியும், பண்ணைக் கழிவு கலந்த நீரும், வயலுக்கிடும் எருவும் அதனைப் பரப்புகின்றன. உண்டவர், உண்ணாதவர் என்னும் வேறுபாடு கிருமிக்கு இல்லை.

மகிழ்ச்சியும் தகாது. நோய்க்கு அஞ்சி ஊனை விலக்குவது தற்காப்பு; உயிர்க்கு இரங்கி விலக்குவதே விரதம். நாளை கிருமியற்ற இறைச்சி கடைக்கு வருமாயின், அச்சத்தால் விலக்கியவர் அதனை வாங்குவார். அருளால் விலக்கியவர் வாங்கார். திருக்குறளிலும் அருளுடைமை அதிகாரத்தை அடுத்தே புலான்மறுத்தல் வைக்கப்பட்டுள்ளமை சிந்திக்கத்தக்கது. அவ்வருளே அடிப்படையாயின், பிறர் பிணியைக் கண்டு நம் கொள்கைக்குச் சான்று கிடைத்ததென மகிழ்வது எங்ஙனம் பொருந்தும்?

மேலும், தீமையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் விலக்குமாறு நம் முன்னோர் அறிவுறுத்தினர். நாம் அருந்தும் பாலைத் தரும் பசுவுக்கு மடிநோய் வந்தால் இதே வகை மருந்துகளே தரப்படுகின்றன. மருத்துவர் குறித்த நாள் கழியுமுன் கறந்த பாலில் மருந்தின் எச்சம் இருக்கும். காய்ச்சினாலும் அது முற்றும் நீங்காது. விலை மலிவொன்றையே கருதி, எவ்வாறு கறந்தது எனக் கேளாமல் பால் வாங்குவோர், உடன்படுதலினின்றும் முற்றும் நீங்கினவர் ஆவரோ?

நம் இல்லங்களிலும் இக்குறை உண்டு. வைரசால் வரும் சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் பயன்படாது. ஆயினும் மருத்துவரைக் கேளாமல் கடையில் வாங்கி இரண்டு வேளை விழுங்குவோர் நம்மிடையே பலர். சிற்றுயிர்க்கும் ஊறு செய்யத் தயங்கும் நாம், நோய் நீங்கும் இன்றியமையாமை கருதியே இம்மருந்தை ஏற்கிறோம். அவ்வின்றியமையாமை இல்லாதபோது உண்பது வீண் கொலையாகும். எதிர்க்கும் கிருமிகளை வளர்த்து அயலார்க்குத் தீங்கு செய்வதுமாகும். கவனமின்மையும் இம்சைக்கு வாயில் என்பது நம் சமயத்தின் தெளிந்த கொள்கையன்றோ?

ஆகவே பண்ணையாரைப் பழிப்பதோடு நாம் அமைதியுறலாகாது. மருத்துவர் சொன்னாலன்றி இம்மருந்தை வாங்காதிருத்தலும், சொன்ன அளவும் நாளும் வழுவாது உண்ணுதலும், பால் தருவோரிடம் மடிநோய்க் காலத்துப் பாலை விலக்குமாறு வேண்டுதலும் இல்லறத்தார் எவரும் இன்றே மேற்கொள்ளத்தக்கவை. ஊனுண்ணாமையை ஈன்ற அதே அருள் இவற்றையும் நம்மிடம் வேண்டுகிறது.